தீனி எடுக்காத கடல் மீனும் நம்ம குழுக் கடனும்



கறவை மாடு, ஆடு, கோழி பற்றிப் பேசும் நாம் இந்த மாதம் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் கடல் அலங்கார மீன் பற்றிப் படிக்கப் போகிறோம். "கண்ணமங்கலத்துக்கும் கடலுக்கும் என்னங்க சம்பந்தம்? நூறு கிலோமீட்டருக்கு மேல இருக்கே!" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. 2003-ல் கோமாளி மீனைக் கதாநாயகனாக வைத்து ஒரு கார்ட்டூன் படம் வந்தது. அதற்குப் பிறகு அந்த மீனைத் தொட்டியில் வைக்க நகரத்தில் பலரும் ஆசைப்படுகிறார்கள். நல்ல நன்னீர் மீன் ஒன்று விற்கும் விலையைவிடக் கடல் மீனின் விலை பல மடங்கு. அதனால் "கடல் மீன் வாங்கி வளர்த்து விற்கலாம்" என்ற பேச்சு எந்தக் குழுவுக்கும் ஒருநாள் வரும். அன்றைக்குக் கையெழுத்துப் போடும் முன் நமக்குத் தெரிய வேண்டிய பாடம் இது.

முதலில் ஒரு கணக்கு

உதாரணத்துக்கு, ஒரு குழு ரூ.20,000 கடன் எடுத்துக் கடல் மீன் வாங்குகிறது என்று வைப்போம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் ரூ.200. மீன் பார்க்க அழகாக இருக்கும், நீந்தும். ஆனால் போட்ட தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வயிறு ஒட்டி, இரண்டு மூன்று வாரத்தில் செத்து மிதக்கும். மீன் போனாலும் தவணை போகாது. கடல் மீன் தொழிலில் நஷ்டம் வரும் முக்கியமான வழி இதுதான்.

மீன் ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறது?

"பசி வந்தால் பத்தும் பறக்கும்" என்பது மனுஷருக்கு. கடலில் பிடித்த மீனுக்கு அது பொருந்தாது. காரணங்கள் நான்கு:

1. தீனியை அடையாளம் தெரியாது. கடலில் அது தின்றது உயிரோடு ஓடும் இரை. நாம் போடும் காய்ந்த குருணைத் தீனி அதற்குக் கல்லும் மண்ணும் மாதிரி.

2. பயம். வலை, பை, வண்டி, புதுத் தண்ணீர் என்று அலைக்கழிந்து வந்திருக்கும். ஒளிய இடம் இல்லாவிட்டால் வாயே திறக்காது.

3. நோய் அல்லது விஷம். பிலிப்பைன்ஸ் பக்கம் 1960-களில் சயனைடு விஷத்தைத் தண்ணீரில் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கம் தொடங்கியது. அப்படிப் பிடித்த மீன் வெளியே நன்றாகத் தெரியும். உள்ளே உறுப்பு கெட்டிருக்கும். சில நாளிலோ சில வாரத்திலோ செத்துவிடும்.

4. சாதியிலேயே வாய் கட்டுப்பாடு. பட்டாம்பூச்சி மீனில் பல வகை, உயிருள்ள பவளத்தை மட்டுமே கொறிக்கும். மாண்டரின் மீன் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சி இறால்களை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும். இவற்றைப் பழக்குவது கைதேர்ந்தவருக்கே கஷ்டம். நாம் தொடவே வேண்டாம்.

கடற்குதிரையும் உயிர் இரை கேட்கும் சாதிதான். அது 2001 முதல் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. யாராவது கொண்டு வந்து கொடுத்தால் வாங்கினவரும் சட்டத்தில் மாட்டுவார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே மீன் பிடிக்கக் கூடாது.

பழக்கும் முறை

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். மீனும் அப்படித்தான்.

முதல் நாள்: தீனி வேண்டாம். தொட்டியின் விளக்கை அணைத்து, மூன்று பக்கம் துணியோ தாளோ மறைப்பாகக் கட்டுங்கள். உடைந்த மண்சட்டி, பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போட்டு ஒளிய இடம் கொடுங்கள்.

இரண்டாம் நாள் முதல்: உயிர்த்தீனி. ஆர்டீமியா என்ற உப்புநீர் இறால் குஞ்சு இதற்கு நல்லது. அசைவதைக் கண்டால் மீன் கொத்தும். தீனி மீனின் வாய்க்கு அடங்கும் அளவில் இருக்க வேண்டும். ஒரே வேளையில் கொட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை போடுங்கள்.

நன்றாகக் கொத்த ஆரம்பித்த பிறகு: உயிர்த்தீனி மூன்று பங்கு, பொடியாக அரிந்த இறால் சதையோ மட்டிச் சதையோ ஒரு பங்கு கலந்து போடுங்கள். காற்றுக் குழாய்க்குப் பக்கத்தில் போட்டால் செத்த தீனியும் ஆடும். மீன் உயிர் என்று நினைத்துப் பிடிக்கும். நாளுக்கு நாள் உயிர்த்தீனியைக் குறைத்துச் சதையைக் கூட்டுங்கள். கடைசியில் சதையோடு குருணைத் தீனியை ஊறவைத்துக் கலக்குங்கள். இதற்கு இரண்டு வாரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டால் ஆரம்பத்துக்கே திரும்ப வேண்டும்.

இன்னொரு வழி, துணை மீன். நன்றாகச் சாப்பிடும் சாதுவான மீன் ஒன்றைக் கூட விடுங்கள். பந்தியில் பக்கத்து இலையைப் பார்த்துக் குழந்தை சாப்பிடுகிற மாதிரி, இதுவும் பார்த்துக் கற்றுக்கொள்ளும். முரட்டு மீனை விட்டால் எல்லாம் தலைகீழாகும்.

"பட்டினி போட்டா தானா வழிக்கு வரும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சின்ன மீனின் உடம்பில் சேமிப்பு கிடையாது. தலைக்குப் பின்னால் முதுகு குழிந்து, வயிறு உள்ளே போனால் நிலைமை மோசம் என்று பொருள். வெள்ளையாக நூல் மாதிரி கழிச்சல் போனால் வயிற்றில் புழுவோ நோயோ இருக்கலாம்.

ஆர்டீமியா பொரிக்க வைப்பது

பெரிய பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாகக் கட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 30 கிராம் அயோடின் சேராத கல் உப்பைக் கரைத்து, ஒரு கிராம் ஆர்டீமியா முட்டை போட்டு, அடியிலிருந்து காற்று நன்றாக விடுங்கள். வெளிச்சமும் வேண்டும். 28 டிகிரி சூட்டில் 24 மணி நேரத்தில் பொரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சு கீழே சேரும். குஞ்சை மட்டும் குழாயில் இறக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓடு சேரக் கூடாது, மீனின் குடலை அடைக்கும். பொரித்த அன்றே கொடுத்தால்தான் சத்து.

தண்ணீரையும் கவனிக்கணும்

தின்னாத தீனியைக் கால் மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். அழுகினால் அம்மோனியா கிளம்பும். அப்புறம் சாப்பிடுகிற மீனும் சாப்பிடாது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். நம்ம பக்கத்துக் கோடை வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரே ஊற்றுங்கள். மறுபடி உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறி மீன் வாடும். கரண்ட் போனால் காற்று ஓட பேட்டரி மோட்டார் கட்டாயம்.

இதைவிட நல்ல வழி: பொரிப்பகத்தில் பிறந்த மீன்

மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்திருக்கின்றன. முட்டையை ஆண் மீன் காவல் காக்கும். ஒரு வாரம் போல ஆனதும் இரவில் குஞ்சு பொரியும். அதற்கு முதலில் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரி, பிறகு ஆர்டீமியா, பிறகு குருணைத் தீனி. பிறந்தது முதல் தொட்டியில் பழகியதால் இந்த மீனிடம் சாப்பாட்டுத் தகராறு குறைவு. கடலுக்கும் நஷ்டமில்லை. லட்சத்தீவின் அகத்தித் தீவில் பொரிப்பகத்தில் பிறந்த அலங்கார இறால்களை வளர்க்கப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

இதே பாடம் நம்ம பண்ணைக்குட்டைக்கும் உண்டு. விரால் மீனும் உயிர் இரை தேடும் சாதி. குருணைத் தீனிக்குப் பழகிய குஞ்சா என்று கேட்டு வாங்க வேண்டும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையம் 1997-ல் குஞ்சு பொரிக்க வைத்த கொடுவாவும் இப்படித்தான் தீனிக்குப் பழக்கப்படுகிறது. இவை பசித்தால் ஒன்றையொன்று விழுங்கும். ஆகவே அளவு வாரியாகப் பிரித்து விட வேண்டும்.

வாங்கும் முன் நான்கு கட்டளை

1. கடைக்காரரை நம் கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீனை வாங்காதீர்கள்.
2. கடலில் பிடித்ததா, பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கேளுங்கள். பில்லில் எழுதி வாங்குங்கள்.
3. முதலில் கப்பி, மோலி போன்ற நன்னீர் மீனில் ஆறு மாதம் கை பழகுங்கள். கடல் மீன் அதற்கப்புறம்.
4. 2020-ல் தொடங்கிய பிரதமர் மீன்வளத் திட்டத்தில் அலங்கார மீன் வளர்ப்புக்கும் இடம் இருந்தது. பெண்களுக்கு 60 சதவீதம் வரை மானியம். இப்போது என்ன திட்டம் நடப்பில் உள்ளது என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். இடைத்தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• மீன் சாப்பிடாவிட்டால் நஷ்டத்தை யார் ஏற்பது? கடனுக்கு முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதினோமா?
• தினமும் நாலைந்து வேளை தீனி போட நம்மில் யாருக்கு நேரம் இருக்கிறது? அவருக்குக் கூலி உண்டா?
• கரண்ட் போகும் நேரத்துக்கு என்ன ஏற்பாடு?

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு கடன் மனு எழுதுங்கள். பதில் கிடைக்காவிட்டால் இந்த மாதம் பணம் சேமிப்பிலேயே இருக்கட்டும். அதில் ஒன்றும் குறைந்துவிடாது.