கொற்கையும் அதை எழுதியவரும்

கேள்வி: நாவலாசிரியர் வெளியே பேசுவதை மனத்தில் வைத்துத்தான் அவர் நாவலைப் படிக்க வேண்டுமா?
– வாசகர் ஒருவர், தூத்துக்குடி

பதில்: உங்கள் கடற்கரையிலேயே உதாரணம் இருக்கிறது. ஜோ டி குருஸின் ‘கொற்கை’ 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மறு ஆண்டு மக்களவைத் தேர்தல் நேரத்தில் அவர் நரேந்திர மோடியை ஆதரித்தார். அவருடைய ‘ஆழி சூழ் உலகு’ நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்த வ. கீதா, தன் மொழிபெயர்ப்பைத் திரும்பப் பெற்றார். அதை வெளியிடவிருந்த நவயானா பதிப்பகமும் விலகிக்கொண்டது. அது அவர்கள் மனச்சாட்சி எடுத்த முடிவு, மதிக்கிறேன். ஆனால் 2004இல் வெளிவந்த அந்த நாவலில் ஒரு வரிகூட அந்தப் பேச்சால் மாறிவிடவில்லை. கடலுக்குப் போனவன் திரும்பாத வீட்டின் துக்கம் அப்படியேதான் இருக்கிறது.

அதற்காக ஆசிரியர் பேச்சை நான் ஒதுக்குவதில்லை. உவரியில் பிறந்து கப்பல் துறையில் வேலை பார்த்தவர், காற்றையும் நீரோட்டத்தையும் பற்றி விளக்கினால் காது கொடுத்துக் கேட்பேன். தன் பாத்திரம் செய்தது சரியா தவறா என்று அவரே தீர்ப்புச் சொன்னால் மட்டும், அதை இன்னொரு வாசகரின் கருத்தாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

தோணியில் வேலை செய்த பெரியவர் யாராவது உங்கள் தெருவில் இருக்கிறாரா? ‘கொற்கை’யை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்தப் பேட்டியிலும் வராத விளக்கம் அவரிடம் கிடைக்கும்.