மிச்சம் இல்லாத பங்கு

ஒரு கிராமத்தில் புயல் அடித்தது. மகளிர் குழுவிடம் 84 கிலோ அரிசியும் 60 கிலோ பருப்பும் வந்து சேர்ந்தன. தராசுக்கு ஒரு கிலோ படிக்கல் மட்டுமே இருந்தது. எல்லாப் பங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். எதுவும் மிஞ்சக் கூடாது. ஒரு வீட்டுக்குக் கூடினால், மறு வீட்டுக்கு மனம் நோகும். அதிக அளவாக எத்தனை பங்கு போடலாம்?

84-ஐயும் 60-ஐயும் மீதி இல்லாமல் வகுக்கும் எண் வேண்டும். அதுதான் பொதுக் காரணி. அதில் மிகப் பெரியதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: பகா எண்கள்

1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண் பகா எண். 2, 3, 5, 7 ஆகியவை பகா எண்கள். 1 பகா எண் அல்ல.

84 = 2 × 2 × 3 × 7
60 = 2 × 2 × 3 × 5

இரண்டிலும் இருப்பவை 2, 2, 3. இவற்றைப் பெருக்கினால் 12. ஆகவே 12 பங்கு போடலாம். ஒரு பங்குக்கு 7 கிலோ அரிசி, 5 கிலோ பருப்பு.

இரண்டாம் வழி: கழித்தல்

இரண்டு எண்களை வகுக்கும் எண், அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும். ஆகவே பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போகலாம்.

84 − 60 = 24
60 − 24 = 36
36 − 24 = 12
24 − 12 = 12

இப்போது இரண்டும் 12. அதே விடை!

இது பழைய வழி. கி.பி. 476-இல் பிறந்தவர் ஆரியபட்டர். அவருடைய 'குட்டகம்' என்ற கணக்கு முறையும் இதைப் போன்றதே. குட்டகம் என்றால் இடித்துப் பொடியாக்குவது. பெரிய எண்களைச் சிறிய எண்களாக்குவதால் அந்தப் பெயர்.

போட்டியில் வந்த கணக்கு

1959-இல் ருமேனியாவில் மாணவர்களுக்கான முதல் சர்வதேசக் கணித ஒலிம்பியாட் நடந்தது. இந்தியா 1989 முதல் இதில் கலந்துகொள்கிறது. அந்த முதல் போட்டியின் முதல் கேள்வியும் பொதுக் காரணி பற்றியதே.

ஏதாவது ஒரு முழு எண்ணை நினையுங்கள். அதை 21-ஆல் பெருக்கி 4 கூட்டுங்கள். அதே எண்ணை 14-ஆல் பெருக்கி 3 கூட்டுங்கள். கிடைக்கும் இரண்டு எண்களுக்கும் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி கிடையாது. ஏன்?

நினைத்த எண் 10 என்றால், 214-உம் 143-உம் வரும்.

214 − 143 = 71
143 − 71 − 71 = 1

பொதுக் காரணி இந்த 1-ஐயும் வகுக்க வேண்டும். 1-ஐ வகுப்பது 1 மட்டுமே.

எந்த எண்ணை நினைத்தாலும் இப்படித்தான். முதல் கழித்தலில், நினைத்த எண்ணின் 7 மடங்கும் 1-உம் வரும். அதன் இரு மடங்கு, 14 மடங்கும் 2-உம். இரண்டாம் எண்ணோ 14 மடங்கும் 3-உம். கழித்தால் மிஞ்சுவது எப்போதும் 1.

பங்கு பிரித்த அதே கழித்தல்தான் போட்டிக் கணக்கையும் தீர்த்தது.

செய்து பாருங்கள்

1. 72 வாழைப்பழம், 48 லட்டு. எதுவும் மிஞ்சாமல் அதிக அளவாக எத்தனை பேருக்குச் சமமாகக் கொடுக்கலாம்?
2. 35, 18 – இவற்றின் பொதுக் காரணி என்ன?
3. போட்டிக் கணக்கில் 2-ஐ நினைத்துச் செய்து பாருங்கள்.

(விடை: 1. 24 பேர். 2. 1 மட்டும். 3. 46, 31 வரும். பொதுக் காரணி 1 மட்டும்.)