கையெழுத்துக்கு முன் ஒரு சொல்: ‘வேவ்’



கல்லூரி விண்ணப்பத்திலும் வங்கிப் படிவத்திலும் அடிக்கடி கண்ணில் படும் ஓர் ஆங்கில வினைச்சொல் ‘வேவ்’. அதன் எழுத்துகள் டபிள்யூ, ஏ, ஐ, வி, ஈ. நடுவில் ‘ஐ’ இல்லாவிட்டால் அது கையசைப்பதையும் அலையையும் குறிக்கும் வேறு சொல். ஒலி ஒன்றுதான், எழுத்தைப் பார்த்தே பிரித்தறிய வேண்டும்.

இதன் அடிப்படைப் பொருள், தமக்குரிய ஒன்றைத் தாமே வேண்டாம் என்று விட்டுவிடுதல். அதனால் நமக்கு லாபமா, நஷ்டமா என்பதை அகராதி சொல்லாது. வாக்கியம்தான் சொல்லும்.

முதல் வாக்கியம்: ‘தி காலேஜ் வில் வேவ் தி டியூஷன் ஃபீ.’ விடுவது கல்லூரி. விடப்படுவது கல்விக் கட்டணம். ஆகவே லாபம் மாணவருக்கு. ஆனால் இங்கே டியூஷன் ஃபீ மட்டுமே சொல்லப்பட்டிருக்கிறது. விடுதி, தேர்வு, பேருந்துக் கட்டணங்களைத் தனியே கேட்டுக்கொள்ளுங்கள். ‘வில்’ இருக்கும் இடத்தில் ‘மே’ என்று இருந்தால், ‘தள்ளுபடி செய்யலாம்’ என்றுதான் பொருள். அதை நம்பி மட்டும் பணத்திட்டம் போட வேண்டாம்.

இரண்டாம் வாக்கியம்: ‘தி கேரண்டர் வேவ்ஸ் ஹிஸ் ரைட்ஸ் அண்டர் செக்‌ஷன் 133.’ கேரண்டர் என்றால் ஜாமீன்தாரர். மச்சானுக்காகவோ தம்பிக்காகவோ கையெழுத்திடும் நீங்கள்தான் அவர். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 133-ஆம் பிரிவு அவருக்கு ஒரு பாதுகாப்புத் தருகிறது. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் அவருடைய சம்மதமின்றி நிபந்தனைகளை மாற்றினால், அதற்குப் பிந்தைய நடவடிக்கைகளுக்கு அவர் பொறுப்பாளி அல்ல. இந்தப் பாதுகாப்பைத்தான் அந்த ஒரு வினைச்சொல் விட்டுக்கொடுக்க வைக்கிறது. சொல் அதேதான், இங்கே இழப்பவர் நீங்கள்.

தமிழிலும் இப்படி உண்டு. ‘கடன் தள்ளுபடி’ என்றால் மகிழ்கிறோம். ‘மனு தள்ளுபடி’ என்றால் வருந்துகிறோம். பக்கத்துச் சொல்லைப் பார்த்தே பொருள் கொள்கிறோம். ஆங்கிலத்திலும் அதே பழக்கம் போதும்.

புதிய வினைச்சொல்லைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. செய்பவர் யார்?
2. எதைச் செய்கிறார்?
3. முடிவில் யாருக்கு லாபம், யாருக்கு இழப்பு?

வீட்டுப் பயிற்சி: ‘தி டெனன்ட் வேவ்ஸ் தி நோட்டீஸ் பீரியட்.’ டெனன்ட் என்றால் வாடகைக்குக் குடியிருப்பவர். பிள்ளைகளுடன் அமர்ந்து மூன்று கேள்விகளுக்கும் விடை காணுங்கள்.

விடை: விடுபவர் குடியிருப்பவர். விடுவது, காலி செய்வதற்கு முன் தமக்குக் கிடைக்க வேண்டிய அறிவிப்புக் காலம். லாபம் வீட்டு உரிமையாளருக்கு. முன்னறிவிப்பின்றி வெளியேற நேரும் இழப்பு குடியிருப்பவருக்கு.

படிவத்தில் இந்தச் சொல் வந்தால் அடிக்கோடிடுங்கள். பொருள் விளங்கும் வரை பேனாவை மூடியே வையுங்கள். தெரிந்தவரிடம் கேட்பதில் வெட்கம் இல்லை.