பட்டணம் பெருகுவதும் குறைவதும்

பட்டணம் எக்காலத்தும் பெருகிக்கொண்டே போகுமென்று அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். இங்கிலாந்தின் அனுபவம் வேறு. அங்கே பொது மேய்ச்சல் நிலங்களை நிலச்சுவான்தார்கள் வேலியடைத்துக்கொண்டமையாலும், கைத்தறி நசித்தமையாலும், ஏழைக் குடியானவர்கள் பஞ்சாலைகளை நாடிச் சென்றனர். 1851-ஆம் வருஷத்து ஜனக்கணிதத்தில் பாதிக்கு மேற்பட்டோர் பட்டணவாசிகளாயிருந்தனர். மான்செஸ்டரில் அவர்களுட் பலருக்குக் கிடைத்த வீடு, ஈரம் வற்றாத நிலவறையே. அதற்கருகிலுள்ள ராக்டேல் தொழிலாளர் 1844-இல் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கத் தமக்கென ஐக்கிய பண்டகசாலை திறந்தது இக்கஷ்டகாலத்திலேதான்.

பின்னர், ஜனங்களைப் பட்டணத்திற்குக் கொணர்ந்த ரயிலே அவர்களை வெளியிலும் கொண்டுபோயிற்று. வசதியுள்ளோர் முதலிற் புறநகர்களிற் குடியேறினர். 1939-இல் சுமார் 86 லக்ஷமாயிருந்த லண்டன் ஜனத்தொகை, 1981-இல் 70 லக்ஷத்திற்கும் கீழே இறங்கிற்று. 2021-இல் அது 88 லக்ஷம். ஆனால் இம்முறை பெருக்கியோர் ஆங்கிலேயக் கிராமத்தார் அல்லர், கடல்கடந்து வந்தோரும் அங்கேயே பிறந்த குழந்தைகளுமே.