மாசி மகமும் கன்னியம்மன் வாக்கும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

தன் அறிவுக்கு எட்டாத ஒன்று எதிர்ப்படும்போது மனிதன் யாரைக் கேட்பான்? உலகின் பல பகுதி மக்கள் இதற்கு ஏறத்தாழ ஒரே விடையைக் கண்டிருக்கிறார்கள். தம்முள் ஒருவர் வாயிலாகத் தெய்வத்தையோ முன்னோரையோ கேட்பதே அது. சைபீரியாவின் எவெங்கி மக்கள் அத்தகையவரை ‘ஷாமன்’ என்றனர். அச்சொல்லே பின்னர் மானிடவியலில் பொதுச்சொல் ஆயிற்று. 1951-இல் மிர்ச்சா எலியாட் பிரெஞ்சு மொழியில் எழுதிய நூல் இப்பொருளை உலகறியச் செய்தது. அவர் கூறும் ஷாமன் தன் உயிரை வேற்றுலகிற்கு அனுப்புபவர். நம் சாமியாடியோ தெய்வத்தைத் தன் உடலில் வரவழைப்பவர். வழி வேறாயினும் இருவரும் செய்யும் தொண்டு ஒன்றே எனலாம்.

சங்க காலச் சான்று

இது நமக்குப் புதியதன்று. மகள் மெலிவதைக் கண்ட தாய், கட்டுவிச்சியை அழைத்து முறத்தில் நெல் பரப்பிக் குறி கேட்பதையும், முருகனின் வேலன் வந்து வெறியாடுவதையும் சங்க அகப்பாடல்களில் காண்கிறோம். ஐங்குறுநூற்றில் ‘வெறிப்பத்து’ என்றே ஒரு பகுதி உண்டு. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் சாலினி தெய்வமுற்றுப் பேசுகிறாள்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. மகளின் மெலிவுக்குக் காரணம் காதல் என்பதைத் தோழி அறிவாள். வேலனோ முருகன் அணங்கினான் என்கிறான். தோழி அதைக் கண்டு நகைக்கிறாள். வெறியாட்டைப் பாடிய புலவர்களே அது நோயின் காரணத்தைத் தவறாகச் சொல்லக்கூடும் என்பதையும் பாடிவிட்டார்கள். ஆகவே ஐயம் என்பது மேல்நாட்டு விஞ்ஞானம் நமக்குத் தந்த கொடை மட்டுமன்று.

மணலில் எழும் கோயில்

இந்த மரபை இன்றும் காண விரும்புவோர் மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரைக்குச் செல்லவேண்டும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் முதலிய மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் அங்கே வந்து கூடுகின்றன. கன்னியம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குச் சென்றுவிட்டாள், அவளைச் சமாதானம் செய்து வீட்டுக்கு அழைக்கவேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. கொம்புகளை நட்டுச் சேலைகளைக் கட்டித் தங்குகிறார்கள். முழுநிலவு இரவைக் கரையிலேயே கழித்து, விடியலில் கடலாடி, ஈரமணலில் ஏழு படிகள் அமைத்துப் பூவும் பழமும் தேங்காயும் வைத்து வழிபடுகிறார்கள். பூசாரிமீது அருள் இறங்குகிறது. கூட்டம் வாக்குக் கேட்கிறது. பெண் பார்த்தல், திருமணம், மொட்டை, காதுகுத்து எல்லாம் அந்த மணலிலேயே நடந்தேறுகின்றன.

அருகில் நிற்பது எட்டாம் நூற்றாண்டுக் கற்றளி. அதைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகிறார்கள். இருளரின் கோயிலோ அடுத்த அலை வரும்வரைதான் நிற்கும். ஆனால் மறு ஆண்டு அது மீண்டும் எழுகிறது.

வாக்கு செய்யும் வேலை

உண்ணாநோன்பு, உறக்கமின்மை, இடைவிடாத கொட்டு முழக்கம் ஆகியவை மனத்தின் நிலையை மாற்றவல்லவை என்று உளவியல் கூறுகிறது. ஆயினும் அத்துடன் ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. அந்த வாக்கால் மக்கள் வாழ்வில் நிகழ்வது என்ன என்றும் கேட்கவேண்டும்.

அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் தோப்பிலும் கூலி வேலை தேடிச் சிதறி வாழும் குடும்பங்களுக்கு ஆண்டில் ஒருமுறை கூடும் இடம் இதுவே. உறவுகள் சந்திக்கின்றன, பிணக்குகள் தீர்கின்றன, தள்ளிப்போட்ட முடிவுகள் எடுக்கப்படுகின்றன. பெரியவர் ஒருவர் சொன்னால் மற்றவர் மறுக்கக்கூடும். அம்மன் சொன்னால் இரு தரப்பும் மானம் கெடாமல் தலைவணங்கலாம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். பி.எஸ்ஸி. என்றால் என்ன, மூன்று ஆண்டு கூலி இல்லாமல் படித்தால் பிறகு என்ன கிடைக்கும் என்று சொல்ல எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. படித்தவர் வீட்டில் மாமாவைக் கேட்பார்கள். எங்கள் பாட்டி மாரியம்மன் கோயிலில் குறி கேட்டார். “போகட்டும், நான் கூட இருக்கேன்” என்று வாக்கு வந்தது. அதன்பின் வீட்டில் யாரும் தடை சொல்லவில்லை. அந்த வாக்கு என் மதிப்பெண்ணைக் கூட்டவில்லை. வீட்டாரின் அச்சத்தைக் குறைத்தது.

நஞ்சும் மருந்தும்

அச்சத்தைக் குறைக்கும் வாக்கு நஞ்சையும் முறிக்குமா? முறிக்காது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மந்திரித்துப் பிழைத்தவர்களை நாம் பார்க்கிறோமே என்று கேட்கலாம். நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நச்சுப்பாம்பும் சிலவேளை நஞ்சைச் செலுத்தாமலே கடிப்பதுண்டு. அவ்வாறு பிழைத்தவர் மந்திரத்துக்குச் சாட்சி ஆகிறார். இறந்தவர் சாட்சி சொல்ல வருவதில்லை.

இதற்கு மாற்றைத் தந்தவர்களும் இருளர்களே! முன்னர் அவர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தனர். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை முடித்தன. 1978-இல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வடநெம்மேலியில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் நஞ்சு எடுத்து, சில வாரங்களில் அவற்றை மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்த, அதன் குருதியில் எதிர்ப்பொருள் உண்டாகிறது. அதைப் பிரித்தெடுத்ததே நஞ்சுமுறி மருந்து. இத்துறையில் உழைத்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பாம்புக்கடி நேர்ந்தால் மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கவேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் ஆணையிட்டது.

நாம் செய்யவேண்டுவது

மாசி மகத்தில் கன்னியம்மனிடம் வாக்குக் கேட்கும் அதே சமூகம்தான் நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சைத் தேடித் தருகிறது. மூடநம்பிக்கை, விஞ்ஞானம் என்று மக்களை இரு கூறாகப் பிரிப்பது எவ்வளவு பொருந்தாதது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? பிரிக்கவேண்டியது மக்களையன்று, கேள்விகளை. ‘இவருக்கு என்ன கடித்தது, என்ன மருந்து?’ என்பது மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்வி. அங்கே ஒரு மணி நேரத் தாமதமும் உயிரைக் குடிக்கும். ‘துணிந்து இறங்கலாமா, எங்களோடு யார் இருக்கிறார்கள்?’ என்பது வேறு வகைக் கேள்வி. அதற்கு எந்த ஆய்வுக்கூடத்திலும் விடையில்லை.

ஆகவே நண்பர்களே, நம் தெருவில் ஒருவரைப் பாம்பு தீண்டினால் முதலில் வண்டியை அரசு மருத்துவமனைக்கு விடச் சொல்வோம். நேர்த்திக்கடனைப் பிறகு செலுத்தலாம். சாமியாடுபவரைக் கண்டு நகைக்குமுன், அவரிடம் கேட்க வந்தவரின் கவலை என்ன என்று கேட்போம். அக்கவலைகளில் பல, சாதிச் சான்றிதழுக்கு எங்கே விண்ணப்பிப்பது, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பன போன்றவை. அவற்றுக்கு விடைசொல்ல நாம் படித்த படிப்பே போதும்.