களவு போன உடைமை: தீர்ப்பும் மேல்முறையீடும்



இடையஞ்சாவடி, மரக்காணம் பக்கத்திலிருந்து கொள்முதலுக்குச் சென்னை செல்லும் நம்மவர்கள் பணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு போவது பழைய வழக்கம். அது வழியில் களவு போனால் யார் பொறுப்பு? நம் கடையில் வாடிக்கையாளரின் பை காணாமற் போனால் யார் பொறுப்பு? பொருள் யார் காவலில் இருந்தது என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும்.

2005 ஏப்ரலில் வடமாநில ஜவுளி வியாபாரி ஒருவர், ஒரு லட்சம் ரூபாயை இடுப்புப் பெல்ட்டில் வைத்துக்கொண்டு டெல்லிக்கு ரயிலில் சென்றார். பணம் திருடு போயிற்று. ரயில்வே அத்தொகையைத் தர வேண்டும் என்று மாவட்ட நுகர்வோர் மன்றம் தீர்ப்பளித்தது. மாநில ஆணையமும் தேசிய ஆணையமும் அதையே உறுதி செய்தன. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் மூன்று தீர்ப்புகளையும் ரத்து செய்தது. தம்மிடமே வைத்திருந்த பொருளைப் பயணி காத்துக்கொள்ளாததற்கு ரயில்வே பொறுப்பாகாது, அது சேவைக் குறைபாடு ஆகாது என்பது அதன் முடிவு. 18 ஆண்டு அலைந்தும் வியாபாரிக்குப் பணம் கிடைக்கவில்லை.

இதை நம்பி நாம் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. டோக்கன் கொடுத்துப் பையை வாங்கி வைத்தால் அது நம் காவலுக்கு வந்துவிடுகிறது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 151, 152 பிரிவுகளின்படி, நம் சொந்தச் சரக்கைக் காப்பது போன்ற கவனத்தோடு காத்தோம் என்று நாம் காட்ட வேண்டும். 'பொறுப்பல்ல' என்று பலகை மாட்டினால் மட்டும் போதாது.

தீர்ப்பு நமக்கு எதிரானால் கவனிக்க வேண்டியவை:

1. மாவட்ட நுகர்வோர் ஆணையத் தீர்ப்பின் மீது 45 நாட்களுக்குள் சென்னையிலுள்ள மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தாமதமானால் தக்க காரணம் காட்ட வேண்டும்.

2. பணம் கட்டச் சொன்ன தீர்ப்பானால், 2019-ம் ஆண்டுச் சட்டப்படி அதில் பாதித் தொகையைச் செலுத்தினால்தான் மேல்முறையீடு ஏற்கப்படும்.

3. முன்சீப் கோர்ட் தீர்ப்பானால் சார்பு நீதிமன்றத்தில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். நகல் பெற ஆகும் நாட்கள் கழிக்கப்படும். ஆகவே தீர்ப்பு வந்தவுடன் நகல் மனு போட்டுவிட வேண்டும்.

4. ரூ.10,000-க்கு மேற்படாத ஸ்மால் காஸ் வகை வழக்கில், சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டுமே மேல்முறையீடு உண்டு.

5. மேல்முறையீடு செய்ததாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. தடையாணையைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

6. முதல் வழக்கில் காட்டாத சாட்சியத்தை மேல்முறையீட்டில் புதிதாகக் காட்ட எளிதில் அனுமதி கிடைக்காது.

ஆகவே களவு தெரிந்த அன்றே போலீசில் புகார் எழுதிக் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்வோம். டோக்கன் கட்டை, கடை ஊழியரின் வாக்குமூலம் முதலியவற்றைப் பத்திரப்படுத்துவோம். மேல்முறையீடு செய்யும் முன், கேட்கும் தொகையையும் ஆகும் செலவையும் நம் கடைக் கணக்கைப் போலவே கூட்டிப் பார்த்து, வழக்கறிஞரைக் கலந்து முடிவு செய்வது நலம்.