படகிலா, காலாலா? மேடிசன் நதிக்குப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் மோன்டானா மாகாணத்தில், மேடிசன் நதியில் ட்ரவுட் மீன் பிடிக்க ஈத்தூண்டில் வழிகாட்டி ஒருவரை ஒரு நாளைக்கு அமர்த்திக்கொள்ளப் போகிறவர், எந்தக் கோல், எந்தச் செயற்கை ஈ என்றெல்லாம் மனத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. அந்த விசாரமெல்லாம் வழிகாட்டியைச் சேர்ந்தது. படகிலிருந்து தூண்டில் வீசுவதா, ஆற்றில் இறங்கி நடந்து வீசுவதா என்பதை மட்டும் போகிறவரே முன்கூட்டித் தீர்மானித்துவிட வேண்டும்.

1959 ஆகஸ்ட் 17 இரவில் நேர்ந்த பூகம்பத்தில் மலைச்சரிவு ஒன்று இடிந்து விழுந்து நதியை மறித்ததால் உண்டான ஏரியிலிருந்து எனிஸ் ஊர் வரையில், ஆழ்மடு என்று சொல்லத்தக்க இடமே அபூர்வமாய், கற்களின்மேல் சலசலத்தபடியே இறங்குகிற பிரவாகத்தை அங்குள்ளவர்கள் ‘ஐம்பது மைல் சலசலப்பு’ என்று செல்லமாகச் சொல்கிறார்கள். இதில் பல மைல்களை ஒரே பகலில் பார்த்துவிடப் படகைவிடச் சௌகரியமான சாதனம் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம். ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும், மூன்று நான்கு வருஷம் ஆற்றுக் கற்களுக்கடியில் புழுவாய் வாழ்ந்த சால்மன் ஈக்கள் கரையேறி, வில்லோப் புதர்களைப் பற்றிக்கொண்டு தோலுரித்துச் சிறகு விரிக்கும்போது, அந்தப் புதர்களின் நிழலை ஒட்டியே நெடுந்தூரம் மிதந்து செல்வதற்கும் படகுதான் வேண்டும். ஆனால் ஏரிக்குக் கீழே லயன்ஸ் பாலம் வரையில் படகிலிருந்து மீன் பிடிக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. இறங்கி நின்றுதான் வீச வேண்டும்.

எனக்குப் படகின்மேல் ஒரு குறை உண்டு. வழிகாட்டி நடுவில் உட்கார்ந்து இரு கைகளாலும் துடுப்பைப் பிடித்து, அடுத்த பாறையின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பகல் முழுதும் உழைக்கிறார். தலைக்குமேல் விராலடிப்பான் ஒன்று, நம் ஏரிகளுக்குக் குளிர்காலத்தில் வருகிற அதே இனந்தான், பிடித்த மீனைத் தலை முன்னாக இருக்கும்படி கால்களில் திருப்பிக்கொண்டு பறந்தாலும், அதைக் காட்ட அவருக்கு அவகாசம் ஏது?

நடந்து போனால் அதே மனிதர் வேறொரு மனிதராகிவிடுகிறார். தண்ணீருக்குள் முழுகி அடித்தரையிலேயே நடந்து இரை தேடும் டிப்பர் என்ற சாம்பல் நிறக் குருவியைச் சுட்டிக்காட்டுவார். ஈரமணலில் பதிந்த குளம்படி எல்க் மானுடையதா மூஸ் மானுடையதா என்று குனிந்து பார்ப்பார். எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் ஓடுகிற மேடிசனில் படகுக்கு அனுமதியே இல்லாததால், ஹெப்கன் ஏரியிலிருந்து பெரிய பழுப்பு ட்ரவுட்டுகள் எதிரேறி வருகிற இலையுதிர் காலத்தில் அங்கே மீன் பிடிக்க விரும்புகிறவர் நடந்தே ஆக வேண்டும். செப்டம்பரில் எல்க் கடாக்கள் புல்வெளியில் நின்று குழலூதுவதுபோல் கூவும். எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும், எல்க்கிடமும் காட்டெருமையிடமும் இருபத்தைந்து கஜமும், கரடியிடமும் ஓநாயிடமும் நூறு கஜமும் விலகி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. பாசி படிந்த உருண்டைக் கற்கள் காலை வாரிவிடும் என்பதால் ஊன்றுகோல் அவசியம்; கம்பளி அடித்தோல் வைத்த பாதரட்சையோ பூங்காவுக்குள் ஆகாது.

ஆகவே கையில் ஒரே நாள்தான் இருக்கிறது, கால்களில் பலமும் இருக்கிறது என்றால் நடந்தே போங்கள் என்பது என் அபிப்பிராயம். தண்ணீர் சூடேறிய கோடையில் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் மீன்பிடிப்பை மோன்டானா அரசாங்கம் நிறுத்திவைப்பதும் உண்டாகையால், அப்போது விடியலில் தொடங்கும் அரைநாள் போதும். புறப்பட்டதும் வழிகாட்டி ஓரத்துக் கல்லொன்றைப் புரட்டி, அதன் அடிப்புறத்தில் மணல்துகள்களை ஒட்டிக் கட்டிய கூட்டுக்குள் குடியிருக்கும் புழுக்களை விரல்நுனியால் தொட்டுக் காட்டி, அதற்கேற்ற ஈயைப் பெட்டியிலிருந்து எடுப்பார். எடுக்குமுன், அந்தக் கல்லைப் பழைய குழியிலேயே, பழைய முகம் கீழாக, மெல்லப் பொருத்தி வைப்பார்.